சம்மாந்துறையிலிருந்து முந்தி வந்த கார்

மோட்டார் ஓட்டப் போட்டியில் வென்ற ஒருவருக்கு வெள்ளைக்காரன் ஒரு வீட்டைப் பரிசாகக் கொடுத்தான் என்று முப்பது வருஷமாக நம்பியவன் நான். சும்மா நம்பவில்லை. அந்த வீட்டிலேயே குடியிருந்துகொண்டு நம்பினேன். வருகிறவர்களுக்கெல்லாம் சுவரைத் தட்டிக் காட்டி, "இது ரேஸில் கிடைத்த வீடு" என்று சொல்லியும் இருக்கிறேன். அவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்கள். வியப்பில் வாயடைத்துப் போகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

வீடு சாய்ந்தமருதில் இருக்கிறது. என் மனைவியின் சீதன வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடு நிற்கும். ஆண்தான் வந்து சேர வேண்டும். நான் மருதமுனையிலிருந்து வந்து சேர்ந்தவன். கல்முனையில் ஆணி, பூட்டு, பெயின்ட் விற்கிற கடை வைத்திருக்கிறேன். கடையில் ஆள் இல்லாத நேரம் எழுதுவேன். நிறைய எழுதியிருக்கிறேன் என்பதிலிருந்து வியாபாரத்தைப் பற்றி நீங்களே முடிவெடுத்துக்கொள்ளலாம்.

ரேஸ் ஓடியவர் மாமியின் வாப்பா, என் மனைவிக்குத் தாய்வழிப் பாட்டன். கதையைச் சொன்னவர் மாமி. ஆனால் என்னிடம் சொல்லவில்லை. மாமி இந்த முப்பது வருஷத்தில் என்னோடு நேராக ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கோபம் ஒன்றுமில்லை, பழைய ஒழுங்கு. மருமகனோடு முகம் பார்த்துக் கதைக்க வெட்கப்படும் வழக்கம் முன்பு எல்லா வீட்டிலும் இருந்தது. இப்போது மற்றவர்கள் விட்டுவிட்டார்கள், மாமி விடவில்லை. சமையல் நடக்கிற குசினியின் கதவுக்குப் பின்னால் நின்று, மகளுக்குச் சொல்வதுபோல எனக்குச் சொல்வார்.

"புள்ள, அவருக்கிட்டச் சொல்லு, மழ வரப் போகுது, குடய எடுக்கச் சொல்லி."

என் மனைவி வாயைத் திறப்பதற்குள் நான் குடையை எடுத்திருப்பேன். ஆனாலும் அவள் ஒரு தரம் சொல்வாள். ஒழுங்கு ஒழுங்குதான்.

அப்படிக் கதவு வழியாக வந்த கதை இது. அந்தக் காலத்தில் மாமியின் வாப்பா சம்மாந்துறையிலிருந்து மாவடிப்பள்ளி ஊடாகச் சாய்ந்தமருதுக்குக் காரில் வந்தார். மொத்தம் இரண்டு கார். முன்னால் வாப்பா. பின்னால் தொப்பி போட்ட ஒரு துரை. துரையால் கடைசி வரைக்கும் வாப்பாவை முந்த முடியவில்லை. வழி நெடுக சனம். பெண்கள் குரவை போட்டார்கள். வெடி கொளுத்தினார்கள். வந்து சேர்ந்ததும் வாப்பாவுக்குப் பன்னீர் தெளித்து, சர்பத் கொடுத்து, ஒரு பையன் அவருடைய காலுக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவினான். பிறகு வீட்டைக் கொடுத்தார்கள்.

காலுக்கு ஏன் தண்ணீர் ஊற்றினார்கள் என்பதற்கு விளக்கம் நானே கண்டுபிடித்தேன். பழைய கார்களில் எஞ்சின் சூடு மிதிகட்டை வழியாகப் பாதத்துக்கு ஏறும். இதை வாசிகசாலைக் கூட்டம் ஒன்றில் சொன்னபோது தலைவர் மெதுவாகத் தலையாட்டினார். அதையும் வியப்புக் கணக்கிலேயே சேர்த்தேன்.

மாமியின் வாப்பாவைப் பற்றி ஊரில் இன்னொரு கதையும் உண்டு. ரேஸுக்குப் பிறகு எப்போதோ அவர் ஒரு பஸ் வாங்கினார். அது ஓடிய நாளை விட நின்ற நாள் கூட. இன்றைக்கும் ஊரில் யாருடைய மோட்டார் சைக்கிளாவது ஸ்டார்ட் ஆகாவிட்டால், வயதானவர்கள் அந்த பஸ்ஸை இழுத்துத்தான் சிரிப்பார்கள். மாமி சின்ன வயதிலிருந்து கலியாண வீடுகளில் அந்தச் சிரிப்பைக் கேட்டு வளர்ந்தவர்.

எனவே, வாசிகசாலை இந்த வருஷத்து மலரில் எங்கள் பக்கத்துப் பழைய றோட்டுகளைப் பற்றி எழுதும்படி என்னைக் கேட்டிருக்கிறது என்று நான் வீட்டில் சொன்னதும், குசினிக் கதவு அசைந்தது.

"புள்ள, அவருக்கிட்டச் சொல்லு. பஸ்ஸப் பத்தி ஆரும் எழுதல்ல, ஆனா ஊர் முழுக்கத் தெரியும். வாப்பாட ரேஸயாவது எழுதி வெக்கச் சொல்லு."

சரி என்றேன். மறுநாளே அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. வாப்பாவின் வெற்றி புத்தகத்தில் வரப்போகிறது. மாமி தன் வயதுக்காரப் பெண்கள் எல்லாருக்கும் சொல்லி முடித்துவிட்டார். இனி அது வராவிட்டால், ஸ்டார்ட் ஆகாத வாகனங்களின் வரிசையில் இந்தக் கட்டுரையும் சேரும்.

வாசிகசாலைச் செயலாளர் ஒரேயொரு நிபந்தனை போட்டார். "படம் வேணும். பழைய றோட்டுட மிச்சம் ஏதும் கிடக்கா எண்டு பாருங்க."

மனைவியின் தம்பி ஓட்டோ வைத்திருக்கிறான். எனக்கு அவன் மச்சான், அவனுக்கு நானும் மச்சான். மச்சானும் நானும் ஒரு காலை காரைதீவுச் சந்தியால் திரும்பி மாவடிப்பள்ளிக்குப் போனோம். இப்போதைய றோட்டு அகலமானது, வழவழப்பானது. பழைய றோட்டு அதிலிருந்து விலகி, வயலுக்குள் வளைந்து போனதாகக் கேள்வி. அதைத் தேடித்தான் போனோம்.

முதலில் ஒரு மைல்கல் கிடைத்தது. ஒரு பக்கம் சாய்ந்து, பாசி பிடித்து, எழுத்து மறைந்து நின்றது. நான் குந்தி, நிமிர்ந்து, படுத்து, எல்லா விதமாகவும் படம் எடுத்தேன். மச்சான் போத்தல் தண்ணீரை ஊற்றித் தேய்த்தான். நீலப் பெயின்ட் தெரிந்தது. குடிதண்ணீர்க் குழாய் போட்டவர்கள் நட்டுவிட்டுப் போன கல்.

"மச்சான், இது உங்கட கடைப் பெயின்ட் போல கிடக்கே" என்றான்.

பார்த்தேன். இருக்கலாம். அதனால்தான் நூறு வருஷக் கல் போல உரிந்திருந்தது.

அதற்குள் வயல்காரர் ஒருவர் மண்வெட்டியோடு வந்துவிட்டார். நாங்கள் காணி அளக்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார்.

"றோட்டுக்குக் காணி எடுக்கவா வந்த?"

"இல்ல காக்கா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னேன். "முந்தி இஞ்சால கார் ரேஸ் ஓடின. அந்த றோட்டப் பாக்க வந்த."

அவர் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினார். காணி எடுக்க வந்தவர்களை விட நாங்கள் ஆபத்தில்லாதவர்கள் என்று தெரிந்துவிட்டது. "நான் பொறக்க முதல் இருந்த றோட்டு. அந்தா, பழைய மதகு கிடக்கு" என்று கூட்டிப் போனார்.

வாய்க்காலுக்கு மேலே கருங்கல்லில் கட்டிய மதகு. இரண்டு பக்கமும் இடுப்பளவு சுவர். ஒரு சுவரில் வயல்காரரின் சேர்ட் காய்ந்துகொண்டிருந்தது. மதகின் இரு புறமும் பழைய றோட்டு ஒரு பெரிய வரம்பு போல நீண்டு கிடந்தது. மாமியின் வாப்பாவின் கார் உருண்ட கல்! சேர்ட்டை எடுக்கச் சொல்லலாமா என்று யோசித்து, எடுக்காமலே படம் பிடித்தேன்.

மச்சான் மதகின் நடுவில் போய் நின்று கைகளை விரித்தான். விரல் நுனிக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு பக்கமும் ஒரு முழம்தான் மிச்சம்.

"ஒரு கார்தான் போகும்" என்றான்.

"ஓம்."

"மத்தக் கார்?"

"துரைட கார் சின்னதா இருந்திருக்கும்."

மச்சான் கையை மடக்கவில்லை. வயல்காரர் சொன்னார்: "மதகு மட்டுமில்ல மனே, அந்த றோட்டு முழுக்க இந்த அகலந்தான். எதிர்ல மாட்டு வண்டில் வந்தா ஆராவது வயலுக்க எறங்கோணும் எண்டு எங்கட வாப்பா சொல்லுற."

"அப்ப துரை என்னெண்டு முந்துற?" என்று மச்சான் கேட்டான்.

"அதுதானே தோத்துப் போன" என்றேன். என் வாதம் எனக்குப் பிடித்திருந்தது.

வயல்காரர் முழுக் கதையையும் கேட்டார். சொன்னேன். சனம், குரவை, வெடி, பன்னீர், சர்பத், கால் கழுவியது, வீடு கொடுத்தது. மிதிகட்டைச் சூட்டையும் விடவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் மச்சானைப் பார்த்தார். மச்சான் மதகுச் சுவரில் ஏறி உட்கார்ந்தான்.

"மச்சான், உங்கட கலியாணத்துக்கு உங்கட காலக் கழுவினது ஆரு?"

"நீதான்."

"அதுக்கு மோதிரம் போட்டது?"

"நான்தான்."

"குரவை போட்டமா? பன்னீர் தெளிச்சமா? சர்பத் தந்தமா? பொறகு ஊட்டயும் தந்தமா?"

"தந்தீங்க."

"நீங்க எந்த ரேஸுல வெண்ட?"

நான் கடைசி ஆதாரத்தை எடுத்தேன்.

"அது துரை வந்த கார் எண்டுதானே…"

"தொப்பி போட்டா துரையா மச்சான்? அப்ப ஜும்மாத் தொழுகைக்கு வாறதெல்லாம் துரைமாரா? அது மாப்பிள்ளட பெரியாப்பாவா இருக்கும்."

சம்மாந்துறை மாப்பிள்ளை சாய்ந்தமருதுப் பெண் வீட்டுக்கு வந்த ஊர்வலம் அது. மாப்பிள்ளையின் கார் முன்னால்தான் போகும். சொந்தக்காரர் பின்னால்தான் வருவார்கள். முந்தினால் மரியாதை இல்லை. அந்த றோட்டில் இடமும் இல்லை. இதையெல்லாம் நான் ஒருமுறை நேரில் அனுபவித்தவன், அதுவும் மாப்பிள்ளையாக. மருதமுனையிலிருந்து நான் வந்த வேன், பாண்டிருப்பில் வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டு, கல்முனை வரை அதன் வாலைப் பிடித்தபடி வந்தது. என் கணக்குப்படி பார்த்தால் என் மனைவியின் வீடு அந்த உழவு இயந்திரக்காரனுக்குத்தான் போயிருக்க வேண்டும்.

சின்னப் பிள்ளையாக இருந்த மகளுக்கு ஒரு வாப்பா தன் கலியாணத்தை ரேஸாகச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார். மகள் அதைப் பத்திரமாக வைத்திருந்தார். பஸ் நின்ற பிறகு இன்னும் பத்திரமாக.

திரும்பி வரும்போது மச்சான் சிரிப்பை நிறுத்தியிருந்தான். "உம்மாட்ட ஆரு சொல்லுற?" என்று கேட்டான். பிறகு அவனே பதிலும் சொன்னான்: "நீங்கதான். எழுதுறவர் நீங்கதானே." வாசல் படலையில் என்னை இறக்கிவிட்டு, எஞ்சினை நிறுத்தாமலே, "எனக்கு ஒரு ஹயர் இரிக்கி மச்சான்" என்று போய்விட்டான்.

வீட்டில் என் மனைவி தேத்தண்ணி தந்தாள். குசினிக் கதவுக்குக் கீழே மாமியின் கால் விரல்கள் தெரிந்தன. எழுதாமல் விட்டால் மாமி ஊருக்கு முன்னால் தலை குனிய வேண்டும். மாமி சொன்னபடியே எழுதினால் வாசிக்கிறவர்கள் எல்லாரும் கலியாணம் கட்டியவர்கள். கால் கழுவிய இடத்திலேயே பிடித்துவிடுவார்கள். பஸ்ஸுக்குப் பக்கத்தில் இதையும் வைத்துச் சிரிப்பார்கள். இரண்டிலும் மாட்டப்போகிறவர் மாமி.

நானும் அந்தப் பழைய ஒழுங்கையே பிடித்துக்கொண்டேன். மனைவியைப் பார்த்துச் சொன்னேன்.

"மாமிக்கிட்டச் சொல்லு. பழைய மதகு கிடச்ச. படமும் எடுத்த. ஆனா அந்த றோட்டுல ஒரு கார்தான் போகலாம். அது ரேஸ் இல்ல போல. அவரு மாப்பிள்ளயா வந்த நாள் போல. குரவையும் காலக் கழுவினதும்…"

மனைவி கதவுப் பக்கம் திரும்பவில்லை. திரும்பத் தேவையும் இருக்கவில்லை. கதவு திறந்தது. மாமி முக்காட்டைச் சரி செய்துகொண்டு வெளியே வந்து, மேசைக்கு அந்தப் பக்கம் நின்றார். என் முகத்தை நேராகப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கோப்பையைப் பார்த்தாள்.

"மகன், முன்னுக்கு வந்தது ஆருட கார்?"

என்னிடம்தான் கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"உங்கட வாப்பாட கார்தான் மாமி."

"மத்தவரு முந்தினாரா?"

"இல்ல மாமி. முந்த இடமில்ல."

"பின்ன என்னத்துக்கு இவ்வளவு கதை? அதயே எழுதுங்க."