தெரு நனைந்தால் மழையா?

தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் என் கேள்வி ஒன்றுதான். "மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருக்கிறது. அப்போ மழை பெய்ததா?" பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவுக்கு வந்திருந்தால் சொல்ல மாட்டார்கள். காலையில் தண்ணி லாரி ஒழுகிக்கொண்டே போனால், வெயில் கொளுத்தினாலும் முனை வரைக்கும் ஈரம்தான். தர்க்கம் ஒன்வே ரோடு, திரும்பி வந்தால் ஃபைன் என்பேன். சிரிப்பார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

ஆனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். போன வருடம் ஒரு தேர்வுத்தாள் திருத்தும்போது வந்தது. இரண்டின் வர்க்கமூலத்தை p/q என்ற பின்னமாக எழுத முடியாது என்று நிரூபிக்க வேண்டும். நான்காவது வரியில் "ஆகவே q இரட்டை எண்" என்று வர வேண்டும். முன்னும் பின்னுமாக உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் மட்டும் அங்கே "p இரட்டை எண்" என்று எழுதியிருந்தார்கள். காப்பி அடித்தால் ஒரே தப்பு வரும். ஒரே தப்பு வந்திருக்கிறது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று புகார்க் கடிதமும் எழுதிவிட்டேன். அது போனால் இருவரும் அந்த செமஸ்டரில் எந்தத் தேர்வும் எழுத முடியாது.

கூப்பிட்டு விசாரித்தேன். ஒருத்தி அழுதாள். பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வருகிறவள் அழவில்லை.

"நாங்க காப்பி அடிக்கல மேடம்."

"அப்புறம் எப்படி ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு வரும்? என் காதுல பூ சுத்தாதே."

"தெரு நனைஞ்சா மழைதான்னு சொல்லக்கூடாதுன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க?"

சுருக்கென்றது. வாயைப் பார் என்று நினைத்தேன். அவளோ பையிலிருந்து நோட்டை எடுத்து விரித்தாள்.

"நீங்க போர்டுல எய்தினதுதான். இதோ கீது பாருங்க."

அதே நான்காவது வரி, அதே p. நம்பாமல் வகுப்பிலிருந்து இன்னும் நாலு நோட்டுகளை வரவழைத்தேன். நாலிலும் p. அன்றைக்கு மணி அடித்த அவசரத்தில் கடகடவென்று எழுதிவிட்டு ஓடியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மற்றவர்கள் தேர்வில் சரியாக எழுதியது கைடை மனப்பாடம் செய்ததால். என் பாடத்தை நம்பிப் படித்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். ஐயோ என்றிருந்தது.

கடிதத்தை அவர்கள் முன்னாலேயே கிழித்தேன். "தப்பு என்னோடதும்மா. ரெண்டு பேரும் மன்னிச்சிடுங்க" என்றேன். அழுதுகொண்டிருந்தவள் இன்னும் அதிகமாக அழுதாள்.

பெரும்பாக்கத்துப் பெண்ணின் நோட்டை மூடிக் கொடுக்கப் போனபோதுதான் ஓரத்தில் பென்சில் எழுத்தைப் பார்த்தேன். "p இரட்டைன்னு ரெண்டாவது வரியிலேயே வந்துடுச்சே?"

"இதை ஏன் அன்னிக்கே கேக்கல?"

"கேட்டா கத்துவீங்க மேடம்."

சொன்ன பிறகு பயம் வந்துவிட்டது போலிருக்கிறது. அவசரமாக ரப்பரை எடுத்து அந்த வரியைத் தேய்க்கப் போனாள். நான் அதன் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"அழிக்காதே. இந்தப் பக்கத்துல நான் பதில் சொல்ல வேண்டியது அது ஒண்ணுதான்."