மிஸஸ் ஏழுமலை இல்லை, கன்னியம்மாள்

என் மூத்த பேத்தி பொன்னேரியில் பி.காம். முடித்துவிட்டாள். அடுத்தவள் நர்சிங் படிக்கிறாள். அவள் ஊசி போட்டால் வலிக்காதாம். பேரன் ஓட்டப் பந்தயத்தில் மாவட்டக் கோப்பை வாங்கியவன். ஐந்தாவதோடு நின்ற நான் இதைச் சொல்லாமல் எதையும் தொடங்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை காலை மூத்தவள்தான் போனில் ஊர் வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்துப் படித்தாள்: "மிஸஸ் ஏழுமலை காலமானார்."

"யார்டி அது?"

"முருகன் மாமாவோட அம்மா, ஆயா."

நாற்பது வருஷம் ஏரியில் என் பக்கத்தில் இறால் பிடித்த கன்னியம்மாள் அக்கா! போனது அவர் என்று எனக்கே விளங்கவில்லை. பதினாறாம் நாள் போஸ்டரிலும் அதே வரிதான் வரப்போகிறதாம். விடமாட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் கழுத்தளவுத் தண்ணீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வோம். அதனால் தண்ணீரில் யாருக்கும் பதில் சொல்ல முடியாது. அக்கா பதிலைச் சேர்த்துவைத்துக் கரையேறிச் சொல்வார்.

அப்போது எங்களுக்குச் சின்ன வயசு. இறால் எடுக்க வரும் வியாபாரி ஒருவன் கரையிலிருந்து, "இன்னா டார்லிங், சீக்கிரம் ஏறி வா" என்று கத்தினான். அக்கா நிதானமாக வந்தார்.

"உம் பொண்டாட்டிய இன்னானு கூப்புடுவ?"

"ஏய்னு தான்."

"அப்ப டார்லிங்க வூட்டுக்கு எடுத்துக்கினு போ. கன்னியம்மானு கூப்ட்டா தான் இங்க எறா."

அவன் 'கன்னியம்மா' என்று கூப்பிட்ட பிறகே பறியைக் கவிழ்த்தார்.

பின்னொரு சமயம் மீனவர் அட்டைக்கு எழுத வந்தவர், கேட்காமலே தொழில் 'ஹவுஸ் ஒய்ஃப்' என்று போட்டார். இறால் முள் கிழித்த கைகளை அக்கா அவர் தாளின் மேல் விரித்தார்.

"இது வூட்ல கிழிஞ்ச கையா சார்? அட்ச்சிட்டு எயுது."

"எல்லாம் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணுனா உன் வேலையையும் ஹவுஸ் ஒய்ஃப்னு போட்டுக்கோ."

வரிசையே சிரித்தது. அவர் அடித்துவிட்டு 'இறால் பிடிப்பவர்' என்று எழுதினார். பின்னால் நின்ற எங்களுக்கும் அப்படியே எழுதவேண்டியதாயிற்று.

முருகா, 'மிஸஸ்' என்று இங்கிலீஷில் போட்டால் அம்மாவுக்குக் கௌரவம் என்று நினைத்திருப்பாய். உன் நைனா ஏழுமலையே அக்காவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். 'கன்னியம்மாள், இறால் பிடிப்பவர்' என்று அச்சடிக்கச் சொல். குரூப்பில் நீ போட்ட அவர்கள் கல்யாணப் படத்தில் உன் நைனாவின் தோளுக்குப் பின்னால் அக்காவின் பாதி முகம்தான் தெரிகிறது. அதை எடுத்துவிடு. போன பொங்கலுக்கு என் பேத்தி எடுத்த படத்தில் அக்கா ஏரியிலிருந்து எழுந்து நிற்கிறார்; தலைமுடி சொட்டச் சொட்ட எங்களைத் திட்டுகிறார். அனுப்பச் சொல்லிவிட்டேன். அதைப் போடு.

போய் வாருங்கள் அக்கா. அங்கே யாராவது வேறு பெயரில் கூப்பிட்டால் திரும்பியும் பார்க்காதீர்கள்.