அக்கிராசனக் கட்டளைப்படி

காலை ஆறு மணி பத்து நிமிடம். பள்ளிமுனையில் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்தபோது முதலில் கண்ணிற்பட்டது, பாராளுமன்றப் பேச்சுகள் அச்சாகும் ஹன்சாட்டின் ஒரு பிரதி. மீன் கட்டுகிற சொப்பிங் பையில் அதை மடித்து, கக்கத்தில் இடுக்கியபடி பக்கத்து வீட்டு அக்கா நின்றார்.

நான் விடுமுறையில் வந்து ஓர் இரவுதான் கழிந்திருந்தது. சில வருடங்கள் பத்திரிகையில் இருந்துவிட்டுச் சபையின் தமிழ் அறிக்கையாளராகச் சேர்ந்தவன் நான். உறுப்பினர்கள் பேசுவதை முறை வைத்துச் சுருக்கெழுத்தில் எடுத்து, ஒலிப்பதிவோடு ஒப்பிட்டு, அச்சுக்குக் கொடுப்பது எங்கள் வேலை.

"தம்பி, அண்டைக்குப் பிரதி அமைச்சர் சொன்னது இதிலை எங்கை கிடக்கு? மகன் மூண்டு தரம் தேடிப்போட்டான்."

எது என்று நான் கேட்கவில்லை. அக்காவின் கணவர் வழிக் காணி, கரையோரம் அரை ஏக்கர், ஒரு திணைக்களத்தின் முட்கம்பிக்குள் போய்ப் பல வருடங்கள். காணியின் மூல உறுதிப் பத்திரம் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. போட்டோப் பிரதி செல்லாது என்றதால், இருந்த ஒரே சான்றுப் பிரதியைப் பதிவுத் தபாலில் அமைச்சுக்கு அனுப்பியிருந்தார். கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. வியாழக்கிழமை பிரதேச செயலகத்தில் விசாரணை. உறுதி அமைச்சில் இருக்கிறது என்று அச்சில் ஒரு வரியாவது காட்டினால்தான் காணியைப் பற்றி மேற்கொண்டு பேசலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வரி சபையில் பேசப்பட்டது. அப்போது முறை என்னுடையது. எதிர்த்தரப்பு உறுப்பினர் ஒருவர் இந்தக் காணியைப் பற்றிக் கேட்டார். அந்த அமைச்சின் தமிழ் பேசும் பிரதி அமைச்சர், எழுதி வந்த விடையை வாசித்தார்: உறுதி கிடைக்கவில்லை. உறுப்பினர் "பொய்" என்றார். பிரதி அமைச்சர் தாளை எறிந்தார்.

"உறுதி என்ர கந்தோர் அலுமாரியிலை கிடக்கு. என்ர கண்ணாலை பாத்தனான். தரேலாது, என்ன செய்வாய்?"

அதே மூச்சில் மற்றவருடைய தாயைப் பற்றி ஒரு சொல் சொன்னார். மற்றவர் இவருடைய மனைவியைப் பற்றிச் சொன்னார். வரிசை வரிசையாக மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். எனக்கு மிக அருகில் இருந்தவரின் சிரிப்பில் தெறித்த எச்சில் என் குறிப்பேட்டில் விழுந்தது. துடைத்துவிட்டு எழுதினேன்.

ஒவ்வாத சொற்களை நீக்கும்படி சபாநாயகரின் அக்கிராசனத்திலிருந்து கட்டளை வந்தது. அது வழமை. நீக்கிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் 'அக்கிராசனக் கட்டளைப்படி நீக்கப்பட்டது' என்று ஒரு வரி அச்சாகும். நீக்கப்பட்டது எது என்பது அச்சாகாது. எந்தச் சொல்லில் தொடங்கி எதில் முடிப்பது என்பது மட்டும் அன்று எங்கள் மேசைக்கு வந்தது. அதனோடு பிரதி அமைச்சரின் செயலாளரும் வந்தார்.

"தூசணத்திலை இருந்து எடுத்தால் பேச்சு அரைகுறையாய் நிக்கும், ஐயா. கொஞ்சம் மேலை, உறுதி எண்டதிலை இருந்தே எடுங்கோ. எல்லாம் ஒரே மூச்சிலை சொன்னதுதானே."

எதிர்த்தரப்பு உறுப்பினர் ஆட்சேபிக்கவில்லை. தன்னுடைய சொல்லும் போனால் சரி என்றார். அரை மணி கழித்துச் சிற்றுண்டிச்சாலையில் அந்த இருவரும் ஒரே தட்டில் இறால் வடை பிட்டுத் தின்பதைக் கண்டேன். விரலில் வடிந்த எண்ணெயை ஒருவர் மற்றவரின் கைலேஞ்சியில் துடைத்தார். செயலாளர் கேட்டதற்கு என் மேலதிகாரி சம்மதமாகத் தலையசைத்தார். பென்சிலால் கோடு போட்டது நான்.

படலையடியில் நின்றே அந்தப் பக்கத்தைத் திறந்து, அடைப்புக்குறியைக் காட்டினேன்.

"இதுக்குள்ளையோ கிடக்கு?"

"ஓம் அக்கா."

"அவையின்ர ஊத்தைப் பேச்சை எடுத்தது சரி. என்ர உறுதியிலை என்ன ஊத்தை?"

அக்கா அந்த அடைப்புக்குறியில் விரலை வைத்தார்.

"ரீவியிலை கேட்டனாங்கள் எண்டால், அச்சிலை காட்டுங்கோ எண்டுறாங்கள். அச்சிலை இப்பிடி. ஆர் எடுத்தது இதை?"

"நான்தான்."

"அப்ப வியாழக்கிழமை வந்து, நான்தான் எடுத்தனான், இதுதான் கிடந்தது எண்டு சொல்லுங்கோவன்."

நீக்கியதை வெளியில் சொன்னால் வேலை போய்விடும் என்றேன்.

"ஓம், ஓம். பெரிய இடத்து வாய் கழுவுற வேலை. சம்பளமும் நல்லாய்த் தருவினமாக்கும்." பிரதியைத் திரும்பப் பையில் சுருட்டிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை நானும் போனேன். உள்ளே போகவில்லை. வெளி வாங்கில், திறந்திருந்த யன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏதோ எடுக்கப்பட்டிருக்கிறது என்றாவது தெரியட்டும் என்று அக்கா அந்தப் பக்கத்தை நீட்டினார். அதிகாரி அடைப்புக்குறியைத் தாண்டி மேலே போனார். எழுதி வந்த விடை அங்கே ஓர் எழுத்தும் குறையாமல் இருந்தது. உரக்க வாசித்தார்: "உறுதியின் பிரதி அமைச்சுக்கு இதுவரை கிடைக்கவில்லை."

"இதை நீங்கள்தானே கொண்டுவந்தனீங்கள், அம்மா?"

"ஓம்."

"வேறை சாட்சி ஆரும்?"

யன்னலுக்கு வெளியே நான் இருப்பது அக்காவுக்குத் தெரியும். அவர் திரும்பவில்லை.

"இல்லை."

அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, துளை போட்டு, கோப்பில் சேர்த்தார்கள். அது இணைப்பு நான்கு.