மாமா எடுத்த கசற்

மாமா சவூதியிலிருந்து விடுமுறையில் வந்தபோது எனக்குக் காலில் போடச் சப்பாத்தும் அப்பாவுக்கு மணிக்கூடும் அம்மாவுக்குச் சீலையும் கொண்டுவந்தார். தனக்கென்று கொண்டுவந்தது ஒரு வீடியோக் கமராவும், எடுத்ததைப் போட்டுப் பார்க்க ஒரு டெக்கும். தோளில் சுமந்து பிடிக்கவேண்டிய அந்தக் கமராவை எங்கள் ஒழுங்கையில் அதற்குமுன் கலியாண வீடுகளில்தான் கண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் கலியாணம் ஒன்றும் இல்லை. அதனால் மாமா, அம்மா அரிசி கழுவுவதையும், அப்பா சவரம் செய்வதையும், நான் முன்பல் இல்லாத வாயால் தேவாரம் பாடுவதையும் எடுத்தார்.

அவர் அம்மாவின் ஒரே தம்பி. படம் எடுக்கும்போது வாய் ஓயமாட்டார். "அத்தான், கொஞ்சம் சிரியுங்கோ, ஒண்டும் கேக்கமாட்டன்" என்பார். "அக்கா, பானையைப் பாக்காமல் என்னைப் பாருங்கோ" என்பார். எல்லாம் கசற்றில் பதிந்தது.

எங்கள் வீடு உட்துறைமுகத்துக்கு மேலே ஒரு மேட்டில் இருந்தது. சண்டை தொடங்கியதும் கட்டுவதை நிறுத்திவிட்ட மேல்மாடிக்குக் கூரை இல்லை. அங்கே ஏறி நின்றால் துறைமுகமும் அதில் நிற்கும் கடற்படைக் கப்பல்களும் நன்றாகத் தெரியும். ஒரு பின்னேரம் அங்கே வைத்துத்தான் அம்மா மாமாவின் தோளிலிருந்து கமராவைப் பிடுங்கினார்.

"எல்லாரையும் எடுக்கிறாய். நீ ஒண்டிலயும் இல்லை. போய் அங்கால நில்லு."

மாமா அரைச்சுவரில் சாய்ந்து நின்றார். காற்றில் கலைந்த தலைமயிரைக் கையால் படியவைத்தார். அவ்வளவு நேரமும் கதைத்துக்கொண்டிருந்தவர், கமரா தன் பக்கம் திரும்பியதும் வெட்கத்தில் ஒன்றும் பேசாமல் சிரித்தபடி நின்றார். அவருக்குப் பின்னால் கடல் வெயிலில் மினுங்கியது.

ஒரு கிழமைகூட ஆகவில்லை. அப்பா வேலை முடிந்து கந்தோரிலிருந்து முகம் வெளிறி வந்தார். ஆமிக்காரர் பக்கத்து ஒழுங்கையைச் சுற்றிவளைத்துத் தேடியபோது ஒரு வீட்டு அலுமாரியில் துறைமுகம் தெரிகிற படங்கள் அகப்பட்டனவாம். அந்த வீட்டு மகனைக் கொண்டுபோய்விட்டார்களாம்.

"அந்தக் கசற்றை இப்பவே எரியுங்கோ" என்றார் அப்பா.

"பிள்ளை பாடினது அதுக்குள்ளதான் கிடக்கு. எரிக்க ஏலாது" என்றார் அம்மா.

இருவருக்கும் இடையில் மாமாதான் வழி சொன்னார். மேல்மாடியில் எடுத்த துண்டுதானே ஆபத்து. அதற்கு மேலே வேறு எதையாவது பதிந்தால் அது இல்லாமல் போய்விடும். அவர் ரீவியைப் போட்டார். சிங்களத்தில் ஒரு விவசாய நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தது. தொப்பி போட்ட ஒருவர் மிளகாய்க் கன்றுகளுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். அந்த டெக்கில் பதிவதற்கு இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தவேண்டும். மாமா அம்மாவைக் கூப்பிட்டார்.

"நீங்கள் எடுத்ததை நீங்களே அழியுங்கோ, அக்கா."

அம்மா கையை நீட்டிவிட்டு நிறுத்தினார். "நீ இருக்கிறது இதில மட்டும்தானேடா."

"அதுக்கென்ன? நான் இஞ்சதானே நிக்கிறன். அடுத்த லீவில வரேக்க இதைவிட வடிவா எடுங்கோ."

அம்மா அழுத்தினார். மிளகாய்க் கன்றுகள் மாமாவின் மேல் பதிவதை நாங்கள் எல்லோரும் கதிரைகளில் இருந்து பார்த்தோம். தொப்பிக்காரர் பேசியதைப் போலவே சிங்களத்தில் பேசிக் காட்டி மாமா எங்களைச் சிரிக்கவைத்தார்.

சில நாளில் எங்கள் வீட்டுக்கும் தேடி வந்தார்கள். மெத்தையைப் புரட்டினார்கள், அரிசி மூட்டைக்குள் கைவிட்டார்கள். ரீவிக்குமேல் கிடந்த கசற்றை ஒருவரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

லீவு முடிந்து மாமா கொழும்புக்குப் பஸ் ஏறினார். கப்பல்துறை என்ற ஊருக்கு அப்பால், கண்டி வீதியில், சோதனைக்கென்று எல்லோரையும் இறக்கினார்கள். பிறகு மாமாவை மட்டும் மறித்துக்கொண்டு பஸ்ஸைப் போகச் சொன்னார்களாம். அதே பஸ்ஸில் போன கிண்ணியாக்காரர் ஒருவர், திரும்பி வந்ததும் முதல் வேலையாக எங்கள் வீடு தேடி வந்து இதைச் சொன்னார். "தங்கச்சி, நானும் இறங்கிக் கேட்டனான். ஏறச் சொல்லிப் பிடிச்சுத் தள்ளிப்போட்டாங்கள்" என்றார் அம்மாவிடம். அப்பாவும் அம்மாவும் முகாம் முகாமாக அலைந்தார்கள். அப்படி ஒராள் இங்கே வரவில்லை என்றுதான் எல்லா இடத்திலும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு, கரண்ட் இருக்கிற பின்னேரங்களில் அம்மா அந்தக் கசற்றைப் போடத் தொடங்கினார். நான் பள்ளிக்கூடத்தால் வந்து பக்கத்தில் இருப்பேன். திரையில் நான் பாடுவேன். அம்மா என்னை இவ்வளவு ஆசையாகப் பார்க்கிறாரே என்று பெருமையாக இருக்கும். திரும்பிப் பார்த்தால் அம்மாவின் கண்கள் மூடியிருக்கும். எனக்குக் கோபம் வந்துவிடும்.

"அம்மா, நித்திரையோ?"

"இல்லையம்மா. பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

அம்மா காலமானபிறகு கசற் என்னிடம் வந்தது. நாடாவில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. என் மகள் அதைப் பொறுமையாகத் துடைத்துக் கணினியில் ஏற்றினாள். "படத்தில இல்லாத ஒராள் பின்னால கதைச்சுக்கொண்டே இருக்கிறார், அம்மா. அந்தச் சத்தத்தை எடுத்துவிடட்டோ?" என்று கேட்டாள். தொடவேண்டாம் என்றேன். அந்தக் குரல் ஆருடையது என்று சொல்லி முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மிளகாய்த் துண்டை அவள் இணையத்தில் போட்டாள். அழிந்துபோன தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தேடிச் சேர்க்கிறவர்கள் சிலர் உடனே எழுதினார்கள். அந்த நிகழ்ச்சி வேறெங்கும் மிஞ்சவில்லையாம். இத்தனை காலம் பத்திரப்படுத்தி வைத்ததற்கு எங்கள் குடும்பத்துக்கு நன்றியாம். நல்ல மனிதர்கள். மகளைக் கொண்டு நானும் பதிலுக்கு நன்றி எழுதுவித்தேன்.

அந்தப் பழைய பின்னேரங்களில், கண்ணை மூடி இருக்கும் அம்மா மிளகாய்த் துண்டு வரும்போது மட்டும் கண்ணைத் திறப்பார். மற்றவர்கள் கதைப்பதெல்லாம் நின்று, தொப்பிக்காரர் தோட்டத்தில் நடக்கத் தொடங்கியதும், அம்மா முன்னுக்குச் சாய்ந்து திரையை உற்றுப் பார்ப்பார். அதை வேகமாக ஓட்டிவிடட்டுமா என்று அப்பா கேட்டால் வேண்டாம் என்பார். கன்றுகளுக்குப் பின்னால் எதையோ தேடுவதுபோல இருக்கும் அந்தப் பார்வை.

இதைப் பல நாள் கவனித்த நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அப்பாவை நச்சரித்துச் சந்தையிலிருந்து மிளகாய்க் கன்றுகள் வாங்குவித்தேன். ஈரச் சாக்கில் சுற்றிய அவற்றை அம்மாவின் மடியில் வைத்தேன்.

"இது என்னத்துக்கு?"

"உங்களுக்கு விருப்பமெல்லே. அதைத்தானே கண்ணைத் திறந்து பாக்கிறனீங்கள்."

அம்மா சாக்கை மெல்லப் பிரித்தார். பிறகு, "ஓம்" என்றார். கன்றுகளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். மண்ணைக் கிளறி ஒவ்வொன்றாக நட்டார். முகத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்தார். வெயில் கடுமையாக இருந்ததால் வியர்க்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் ஓடிப்போய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தேன்.