இருபத்து நாலு மில்லிமீட்டரும் சொச்சமும்

ஜவுளிக்கடைக்காரர் துணியை அளக்கிறார், சர்வேயர் நிலத்தை அளக்கிறார், நான் கண்ணை அளக்கிறேன்; மூன்று பேரில் யார் சொல்லும் கணக்கையும் ஜனங்கள் நம்புவதில்லை. தென்காசியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பதினான்கு வருஷமாக எனக்கு இதுதான் வேலை. நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. டாக்டரைப் பார்க்கும் முன் உங்களை இருட்டறைக்குள் கூட்டிப்போய், மோவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, "சிவப்பு லைட்டைப் பாருங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க" என்று அதட்டுவாளே ஒருத்தி, அவள்தான் நான்.

கிட்டப்பார்வைக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் உங்கள் கூட்டம்தான், மைனஸ் ஏழு. நமக்கு என்ன கோளாறு தெரியுமா? நம் கண் முன்னாலிருந்து பின்னால் வரை கொஞ்சம் நீண்டுவிட்டது. சாதாரணக் கண் இருபத்து மூன்று, இருபத்து நாலு மில்லிமீட்டர் இருக்கும். நம்முடையது அதைத் தாண்டிவிடும். ஒரு மில்லிமீட்டர் நீண்டால் கண்ணாடியின் பவர் இரண்டரை, மூன்று ஏறும். நீண்ட கண் திரும்பச் சுருங்காது. வளரும் பிள்ளைகளுக்கு அந்த ஓட்டத்தைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தலாம், அவ்வளவுதான். நான் இதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிப்போனவள். சொன்னதைக் கேட்டவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மற்றவர்களைப் பற்றி எழுதுகிறேன்.

பாத்திரக் கடை வைத்தியம்

சுரண்டையில் பாத்திரக் கடை வைத்திருப்பவரின் மனைவி கிரேஸ். மகள் ஷெர்லினைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளை. முதல் பெஞ்சில் உட்கார்ந்தும் போர்டு தெரியவில்லையாம். அளந்து பார்த்தேன். இருபத்து நாலு புள்ளி ஒன்பது. பதினோரு வயதுக்கு அது மிக அதிகம். இப்படியே ஓடவிட்டால் பெரியவளாகும்போது பவர் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அதைவிட, கண் நீள நீள உள்ளே இருக்கும் திரை மெலிந்துகொண்டே போகும். ஒருநாள் அது கிழிந்தால் பார்வையே போய்விடும்.

டாக்டர் மூன்று விஷயம் சொன்னார். கண்ணாடியைக் கழற்றக் கூடாது. தினமும் படுக்கும் முன் ஒரு சொட்டு மருந்து. சாயங்காலம் வெளியே விளையாட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து அளந்துகொள்ள வேண்டும் என்று நாலாவதாக, என் மைனஸ் ஏழையும் உதாரணம் காட்டி, நான் சொன்னேன். கிரேஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பாத்திரம் வாங்க வந்தவர்கள் விலையைக் கேட்டுவிட்டு ஆட்டுகிற அந்தத் தலையாட்டலை அவர் தினமும் பார்ப்பவர் அல்லவா, அதேபோல் ஆட்டினார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, என் மூக்குக்கண்ணாடியை உற்றுப் பார்த்துச் சொன்னார்: "கண்ணாடிய மாட்டிட்டா கண்ணு சோம்பேறி ஆயிரும்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுதாரு. நீங்களும் போட்டுக்கிட்டுத்தான இருக்கிய, ஏழு ஆயிட்டுல்லா?"

எண்ணெய்க் குளியல்

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் எங்களுக்கும் சீசன்தான். அருவியில் தலையைக் கொடுக்கும்போது கண்ணாடியைக் கழற்றி யாரிடமாவது கொடுக்க வேண்டும் என்பது ஒன்றாம் வகுப்புப் பாடம். வருஷா வருஷம் ஐந்தருவிக்குக் கண்ணாடியைக் காணிக்கை கொடுத்துவிட்டு, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பவர்கள் எல்லோரும் படித்தவர்கள்.

அப்படி வந்தவர்தான் ராயகிரி அண்ணாச்சி. மைனஸ் பத்து. இவ்வளவு பவர் இருப்பவருக்குக் கண்ணின் நீளத்தையும் பார்த்துவிடு என்று டாக்டர் அனுப்பினார். அண்ணாச்சி அருவிக்கரையில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு, அதைத் துடைக்காமலே ஆட்டோ ஏறி வந்திருந்தார். நெற்றியை மிஷினின் பட்டையில் வைத்தால் வழுக்கிக்கொண்டு வந்தது. துடைத்துவிட்டேன். மறுபடியும் வழுக்கியது. இமையில் இருந்த எண்ணெய் கண்ணுக்குள் இறங்கிப் படர்ந்ததில் மிஷின் மூன்று தடவை 'முடியாது' என்று காட்டியது. சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு நாளைக்கு வாருங்கள் என்றேன். எழுந்த அண்ணாச்சி மிஷினை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்: "தப்பு எண்ணெயில இல்ல தாயி. இதுக்கும் ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க, சும்மா பறக்கும்."

பாஸ் மார்க்

போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு முடித்த ஆலங்குளத்துப் பையன் ஒருவன் வந்தான். உடற்தகுதித் தேர்வுக்கு முன்னால் கண்ணைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்திருப்பதாகச் சொன்னான். மார்பை நிமிர்த்தி நின்று எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை கடகடவென்று ஒப்பித்தான். வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. மறுகண்ணை மூடச் சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் பலகையை மாற்றி எண்கள் உள்ள பக்கத்தை வைத்தேன். அவன் அதே வேகத்தில் அதே எழுத்துகளைப் படித்தான். ஒரு எழுத்துக்கூடத் தப்பவில்லை.

பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் மிஷினில் உட்கார வைத்தேன். இருபத்தாறு புள்ளி ஒன்று. "தம்பி, இதை மனப்பாடம் செய்ய முடியாது" என்றேன். அவன் முகம் வாடவே இல்லை. பேனாவை எடுத்து உள்ளங்கையில் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு கேட்டான்: "இதுல பாஸ் மார்க் எவ்வளவு மேடம்?"

சுரண்டை முகாம்

ஆறு மாதத்தில் வரவேண்டிய ஷெர்லின் வரவில்லை. சுரண்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாங்கள் கண்புரை முகாம் போட்டபோது, மாமியாரின் கண்ணைக் காட்ட வந்த கிரேஸ், "இவளுக்கும் ஒரு தடவ பாத்துருங்க" என்று பிள்ளையை வரிசையின் நடுவில் நுழைத்தார். மருந்து விடுகிறீர்களா என்று கேட்டேன். எரிகிறது என்று சொன்னாளாம், நிறுத்திவிட்டார்களாம். இப்போது பொன்னாங்கண்ணிக் கீரையும் காரட் ஜூஸுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முகாமுக்குப் பெரிய மிஷின் வராது. பேனா மாதிரி ஒரு கருவிதான். மரத்துப்போகச் சொட்டு விட்டு, அதன் நுனியைக் கருவிழிமேல் வைத்து அளக்க வேண்டும். தொட்டும் தொடாமலும் வைக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் கண் உள்வாங்கி, நீளம் குறைவாகக் காட்டும். முதல் வருஷ மாணவிக்கும் இது தெரியும். ஐந்து தடவை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். பின்னால் நாற்பது பேர் நின்றார்கள், முன்னால் கிரேஸ் கீரையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். ஒரே ஒரு தடவை எடுத்தேன். இருபத்து நாலு புள்ளி ஐந்து. "கூடியிருக்கா மேடம்?" என்று கேட்டார். "கூடல, குறைஞ்சுதான் இருக்கு. போங்க" என்று சீட்டில் எழுதிக் கையில் திணித்தேன். கண் சுருங்காது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவள் எழுதிய சீட்டு அது. அவர்கள் சந்தோஷமாகப் போவதைப் பார்த்து, எங்கள் ஆஸ்பத்திரியில் கண்ணாடி கவுண்டரில் இருக்கும் இசக்கியம்மாள் சொன்னாள்: "யக்கா, நீங்க ஒருத்தரச் சிரிச்ச மூஞ்சியோட அனுப்புனது இன்னைக்குத்தான்."

லேமினேஷன்

நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. முக்கியமான காகிதம் எதுவானாலும் லேமினேட் செய்துவிடுவார்கள். ரேஷன் கார்டு, ஜாதிச் சான்றிதழ், ஒரு மாமா தன் ஈசிஜியையே செய்து வைத்திருக்கிறார். அது கறுத்துப்போய்விட்டது, அது வேறு கதை. முகாம் முடிந்து ஒரு வருஷம் கழித்து கிரேஸ் வந்தபோது அவர் கையில் என் சீட்டு லேமினேஷனுக்குள் பளபளவென்று இருந்தது. ஷெர்லின் முகத்தில் கண்ணாடி இல்லை. போர்டில் எழுதியதை இவள் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள் என்று டீச்சர் எழுதி அனுப்பியிருந்தார். "டீச்சர் ஏதோ சொல்லுதா. மேடம் எழுதித் தந்தது இங்கன இருக்குல்லா" என்று சீட்டை மேஜைமேல் வைத்தார் கிரேஸ்.

பெரிய மிஷினில் உட்கார வைத்தேன். இருபத்தைந்து புள்ளி எட்டு. நம்பாமல் ஐந்து தடவை எடுத்தேன். முகாமில் எடுக்காத அந்த ஐந்து தடவையை அன்றைக்கு எடுத்தேன். மாறவில்லை. முதல் தடவை இரண்டரையாக இருந்த பவர் ஐந்தைத் தாண்டியிருந்தது. ஒன்றரை வருஷத்தில் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் போய்விட்டது, இனி எந்த டாக்டரும் அதைத் திருப்பித் தர முடியாது. டாக்டர் சீட்டைப் புரட்டிப் பார்த்து, "முகாம்ல யார் எடுத்தா?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அழுத்திவிட்டேன் என்பதையும், கண் குறையவே குறையாது என்பதையும் கிரேஸிடம் நானே சொன்னேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. கத்துவார் என்று காத்திருந்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். ஷெர்லின்தான் பேசினாள். கோபமே இல்லாமல், டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னாள்: "போர்டு தெரியலம்மான்னு நான் எப்பச் சொன்னாலும், அம்மா அந்தச் சீட்டத்தான் மேடம் எடுத்துக் காட்டுவாங்க."

சொன்னதைக் கேட்காத மடையர்கள் இந்த ஊரில் நிறைய என்ற என் கருத்தில் இன்றும் மாற்றமில்லை, சொன்னதைக் கேட்டுக் கெட்டவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு பட்டியல் போட்டு முதல் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.