கோபாலபுரத்துச் சதுரங்கப் பாடம்

2024 ஜூன் 22, சனிக்கிழமை. காலையிலிருந்தே சாரல். கணவாய்க் காற்று பலமாக வீசியது. வெயில் தலைகாட்டவே இல்லை.

இனி வருவது கற்பனையன்று. நாற்பத்தொன்பதாம் வயதில் பள்ளிப் படிப்பை விட்டவர்களுக்கான துல்யதா தேர்வெழுதிப் பத்தாம் வகுப்பில் தேறியவன் நான். அவ்வளவு பாடுபட்டுக் கற்ற எழுத்தைப் பொய்க்குச் செலவிட மாட்டேன்.

என் பெயர் அப்புசாமி. வேலந்தாவளம் சந்தையில் மாட்டுத் தரகு செய்கிறேன். தேர்வுக்குப் பின்னர் சதுரங்கம் பயின்றேன். எங்கள் ஊர் வாசகசாலையின் நால்வர் அணியில் ஓர் இடம் காலியாயிற்று. அதற்கு நானும் செல்போன் கடை ஜெகனும் போட்டியிட்டோம். ஞாயிறு காலை ஒரே ஆட்டம். வென்றவருக்கே அந்த இடம்.

"அப்புசாமியண்ணா, மாட்டுப் பல்லப் புடிச்சுப் பார்க்கற கைக்குக் குதிரை ஏனுங்க?" என்று ஜெகன் பலர் முன்னிலையில் கேட்டான். அனைவரும் சிரித்தனர். அன்று முதல் அந்த இடத்தைத் தவிர வேறெதையும் நான் நினைக்கவில்லை.

என் குறையை நான் அறிவேன். மூன்று நகர்வுகளுக்கு அப்பால் என் மனம் காணாது. அதைத் திருத்தவல்லவர் கோபாலபுரத்து மோகனசுந்தரம் என்றார்கள். அவரும் பழைய தரகர். சந்தையில் நாங்கள் துண்டுக்கடியில் கைகோத்து, விரலை அழுத்தி விலை பேசுவோம். அவர் அதே முறையில் சதுரங்கம் கற்பித்தார். மாணவன் கண்களை மூடிக்கொள்ள வேண்டும். எதிராளியின் நகர்வு விரல் அழுத்தமாக வரும். பலகையை மனத்துக்குள் கண்டு, தன் நகர்வை அவன் வாயால் சொல்ல வேண்டும்.

சந்தையில் ஒரு விதி உண்டு. பேச்சு முடியுமுன் கையை உருவுபவனை எவரும் தரகனாக மதிப்பதில்லை.

பிற்பகல் 3.05. மோகனசுந்தரம் வீட்டில் மின்சாரம் இல்லை. அறை முழுவதும் அழுகத் தொடங்கிய பலாப்பழத்தின் வாடை. சதுரங்கக் காய்களின் மீது ஈக்கள் அமர்ந்திருந்தன.

"வாங்க. கண்ண மூடுங்க. கையக் குடுங்க."

வலக்கையைத் துண்டுக்கடியில் நீட்டினேன். ஒரு கை பற்றியது. அது குளிர்ந்து ஈரமாக இருந்தது. பலாப்பாலின் பிசுபிசுப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

3.12. ஆட்டம் தொடங்கியது. பத்தாம் நகர்வுக்குள் என் மனத்தில் பலகை கண்ணாடிபோல் தெளிந்தது. ஐந்து நகர்வுகள் முன்னே தெரிந்தன. வாழ்நாளில் முதன்முறையாக...

ஆனால் அந்த விரல்கள்.

நான் அழுத்திப் பிடித்த இடத்தில் சதை மீண்டும் எழவில்லை. பிசைந்த மாவைப்போல் அமுங்கியே கிடந்தது. மேல்தோல் நழுவியது.

"நாளைக்கு ஜெயிக்கோணுமா?"

"ஆமாங்க."

"அப்ப முடியற வரைக்கும் இருங்க."

இருந்தேன். கையை உருவினால் தரகனும் அல்லன், ஆட்டக்காரனும் அல்லன்.

3.31. ஒரு சத்தம். சளக்... சளக்...

கண்களைத் திறந்தேன்.

மோகனசுந்தரம் பலாச்சுளை உரித்துக்கொண்டிருந்தார்.

இரு கைகளாலும்.

"ஏனுங்க... இது ஆரு கைங்க?"

"ஆட்டத்தப் பாருங்க. கையப் பார்க்காதீங்க."

ஒரு சுளையை வாயிலிட்டு மென்றார்.

உருவினேன். விடவில்லை...

மீண்டும் உருவினேன்.

ஏதோ கிழிந்தது.

3.34. தெருவில் நின்றேன். என் உள்ளங்கையில் ஒரு நகம் ஒட்டியிருந்தது. என்னுடையதன்று. அங்கேயே வாந்தி எடுத்தேன். வீட்டுக்கு வந்து சோப்பு, சாம்பல், மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுக் கழுவினேன். வாடை போகவில்லை. அன்றிரவு சோற்றை இடக்கையால் உண்டேன்.

ஞாயிறு காலை 10.30. வாசகசாலையில் ஜெகன் எனக்கு முன்பே அமர்ந்திருந்தான். அவன் காய்களை இடக்கையால் நகர்த்தினான். வலக்கை மேசைக்கடியில் இருந்தது. பலகையை அவன் ஒருமுறையும் பார்க்கவில்லை. சுவரையே பார்த்தான். ஒவ்வொரு நகர்வுக்கும் முன்பு அவன் வலத்தோள் இலேசாக வெட்டியிழுத்தது.

வாடை வீசியது. என் கையை முகர்ந்தேன். என் கையிலிருந்து வரவில்லை.

மேசைக்கடியில்... சொட்... சொட்...

இருபத்தாறாம் நகர்வில் என் ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை. அருகில் குனிந்து கேட்டேன்.

"ஜெகா, அந்த ஊட்டுக்கு நீயும் போனயா?"

"போன வாரமுங்க. ஆட்டத்த முழுசா முடிச்சேன்ணா. முடிஞ்சும் அது விடலீங்க... நீங்க எப்படிண்ணா கைய எடுத்தீங்க?"

ராஜாவைச் சாய்த்தேன். அணியில் இடம் அவனுக்கு. ஆட்டம் முடிந்தால் கைகுலுக்குவது மரபு. இருவரும் கையை நீட்டவில்லை.

அப்பொழுது முற்பகல் 11.26.