மூவாயிரம் டாலர் ஸ்கோப்பில் நான் பார்த்தது

காட்டு ஆடு வேட்டைக்குப் போகும் நம்மவர்கள் அடிக்கடி கேட்பது, துப்பாக்கியில் மாட்டும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்கு அவ்வளவு செலவழிக்கலாமா என்பதைத்தான். போன மே மாதம் அதைச் சோதித்துப் பார்க்கக் கிளம்பினேன். பெருமையாக எழுத நினைத்திருந்த பதிவு இது. இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

துப்பாக்கி ஆயிரத்து நூறு டாலர். அதன்மேல் பொருத்திய ஸ்கோப் மூவாயிரத்து இருநூறு. அலுவலகத்தில் நான் அதைக் காட்டிப் பீற்றிக்கொள்ளாத ஆளே இல்லை.

கூட வந்தவர் பக்கத்துப் புறநகரான மெரிலேண்ட்ஸில் இருக்கும் யோகன் அண்ணா. யாழ்ப்பாணத்துக்காரர், போர்க்காலத்தில் தப்பி வந்தவர். "துவக்கைத் தொடமாட்டன் தம்பி. ஆட்டை உரிக்க, கறி காய்ச்ச எண்டா வாறன்" என்றார்; துப்பாக்கியைத்தான் துவக்கு என்பார். நான் இருக்கும் கிரவீனிலிருந்து காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். மட்ஜி என்ற ஊரைத் தாண்டி, எழுத்தில் அனுமதி வாங்கியிருந்த பண்ணைக்கு 270 கிலோமீட்டர். வழியில் காபிக்கு நின்றது போக மூன்றரை மணி நேரம்.

பகல் முழுக்க அலைந்தும் ஆடு கண்ணில் படவில்லை. இங்கே மே மாதம் குளிர்காலத்தின் வாசல் என்பதால் நாலே முக்காலுக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. விலை உயர்ந்த கண்ணாடி தன் வேலையைக் காட்டுவது இந்த நேரத்தில்தான். வெறும் கண்ணுக்கு இருட்டாகத் தெரியும் புதரை இலை இலையாகப் பிரித்துக் காட்டும்.

அண்ணா கார் அருகே இருப்பதாகச் சொல்லியிருந்தார். எதிர்ச் சரிவில், சுமார் நூற்றைம்பது மீட்டரில், மரங்களுக்கிடையே ஏதோ பழுப்பாக அசைந்தது. முதலில் பைனாகுலரில் பார்க்க வேண்டும், பாலபாடம் அது. நானோ பைனாகுலரைக் காரிலேயே விட்டிருந்தேன். இவ்வளவு செலவழித்த கண்ணாடி இருக்கும்போது அது எதற்கு என்ற திமிர். குண்டு ஏற்றிய துப்பாக்கியைத் தூக்கி ஸ்கோப் வழியே பார்த்தேன்.

யோகன் அண்ணா! காலடியில் விறகு சிதறிக் கிடந்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, என்னை நேராகப் பார்த்தபடி நின்றார். கத்தவில்லை. ஓடவில்லை.

துப்பாக்கியை இறக்கி, குண்டை எடுத்துவிட்டு அவரிடம் விரைந்தேன். "சாரிண்ணா, ஆடுன்னு நெனச்சுட்டேன்" என்று உளறினேன். என்ன ஒரு சமாதானம்!

அவர் குனிந்து விறகைப் பொறுக்கினார். "துவக்கை நீட்டினா கை தானா மேல போகுது, தம்பி. நான் நினைச்சுத் தூக்கேல்லை" என்றார், தப்பு செய்தவர் அவர்தான் என்பதுபோல. நானும் குனிந்து விறகைப் பொறுக்கினேன். திரும்பும் வழியெல்லாம் அவர் மகளின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நான் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். "வாரும் தம்பி" என்று சிரித்துத்தான் கதவைத் திறந்தார். ஆனால் அவர் பார்வை முதலில் போனது என் கைகளுக்கு.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்கோப்பால் எதையும் தேடாதீர்கள். பைனாகுலர் கழுத்திலேயே தொங்கட்டும். கூட வருபவருக்கு ஓர் ஆரஞ்சு மேலங்கி வாங்குங்கள், இருபது டாலர்தான். எனக்கு அது தோன்றவே இல்லை.

சரி, அந்த ஸ்கோப் கொடுத்த விலைக்குத் தகுமா? தகும். மங்கிய வெளிச்சத்தில், நூற்றைம்பது மீட்டரில், அவருடைய பத்து விரல்களையும் என்னால் எண்ண முடிந்தது.